இரண்டாவது பெட்டி

அத்தியாயம் ஆறு

சாய்ந்தமருதில் புடவைக் கடையொன்றின் மேல் மாடிக்கு ஏறும் அந்தப் படிகள் ஓர் ஆள் போகுமளவுக்கே அகலமாக இருந்தன. மேர்சியா ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஏறினாள். துப்பறியப் போகிற இடங்களில் யாரும் அவர்களுக்காகப் பூமாலையோடு காத்திருந்ததில்லை. தலையாவது தப்பட்டும் என்பது அவளுடைய முன்னெச்சரிக்கை.

"இந்த முறை என்ன ராத்தா களவு போயிருக்கு? நகையா, மாடா?"

அக்கா முறைக்கு அவள் ராத்தா என்றழைக்கும் நாச்சியா முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு புள்ளட பேர்," என்றாள்.

நாச்சியா பேசுவதே அவ்வளவுதான். காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்யாக எரிந்த கடைகளையும் பொய்யாக மூழ்கிய வள்ளங்களையும் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். மேலதிகாரியின் மச்சானுடைய கடையும் பொய்யாகத்தான் எரிந்தது என்று எழுதிக் கொடுத்த அன்றோடு அந்த வேலை போனது. பிறகு கல்முனையில் ஒரு பல் டாக்டருக்குப் பக்கத்து அறையை எடுத்து உட்கார்ந்தாள். பொலிசுக்குப் போனால் ஊர் அறியும், போகாவிட்டால் நெஞ்சு வேகும் என்று தவிப்பவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். மேர்சியா அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டினாள், கோல் எடுத்தாள், மிச்ச நேரமெல்லாம் வாயை ஓட்டினாள்.

இன்று அழைத்திருந்தவர் அரிசி ஆலைக்கார இப்றாஹிம் ஹாஜியார். "பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு கூட்டம். அந்தப் புள்ளயக் கள்ளி எண்டு வேலயில இரிந்தும் வெளிய போடப் போறாங்க. அதுக்கு முன்ன உண்மையக் கண்டுபிடிச்சித் தாங்க மகள்," என்று மட்டும் சொல்லியிருந்தார். நண்பகல் லுஹர் தொழுகை அப்போதுதான் முடிந்திருந்தது.

மேலே ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. அதில் 'செய்ய இருப்பது', 'நடப்பது', 'முடிந்தது' என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் வண்ணக் காகிதத் துண்டுகள். எதிர்ச் சுவரில் கதவளவு டீவி ஒன்று கறுப்பாகக் கிடந்தது. அலுவலகத் தலைவன் அஸ்ஹர் எழுந்து ஸலாம் சொன்னான். கல்முனைப் பையன், சாய்ந்தமருதில் பெண்ணெடுத்தவன், தாடியை ஒழுங்காக வெட்டியிருந்தான். கண்கள் மட்டும் சில நாளாக உறங்காத கண்கள்.

"முடிஞ்ச பக்கந்தான் கூட நிரம்பியிருக்கு," என்றாள் மேர்சியா பலகையைப் பார்த்து. "எங்கட வீட்டுல இப்பிடி ஒட்டினா எல்லாம் மற்றப் பக்கம்தான் நிக்கும்."

அஸ்ஹர் சிரிக்கவில்லை. "டெஸ்ட்நெட் நல்லா ஓடின. வர்ற மாசம் மெயின்நெட்டத் தொறக்கிற எண்டு இரிந்த. வெள்ளிக்கிழமயோட எல்லாம் நிண்டு போச்சி."

"வெள்ளாமைக்காரனுக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க தம்பி," என்றாள் நாச்சியா.

அது அவனுக்குச் சிரமமாக இல்லை. டெஸ்ட்நெட் என்பது ஒத்திகை, மெயின்நெட் என்பது அசல் ஓட்டம். அவர்கள் கட்டிக்கொண்டிருந்த பிளொக்செயினுக்குப் பெயரே, வயல்வெளியைச் சொல்லும் 'வட்டை'தான். களஞ்சியத்தில் யார் நெல் வைத்தார், யார் எடுத்தார் என்பதைப் பின்னால் ஒருவராலும் மாற்ற முடியாதபடி பதிந்து வைப்பது அதன் வேலை.

"நாங்க எட்டுப் பேர் இரிக்கம். வெலிடேட்டர் எண்டு சொல்லுற. ஒத்திகை எண்டாலும் எட்டுப் பேரும் நிசக் காசப் பிணை வெச்சிரிக்கம், ஸ்டேக் எண்டு சொல்லுறது அதத்தான். ஒவ்வொருத்தர்ர ஊட்டுலயும் ஒரு பெட்டி ஓடும். வயலுக்குத் தண்ணி முற வாற மாதிரி முற வரும். முற வரக்கொள்ள அந்தப் பெட்டி பதிவுக்குச் சீல் குத்தும்."

"முற தவறினா?"

"சின்னத் தண்டம், பரவால்ல. ஒரே முறையில ரெண்டு வேற வேற சீல் குத்தினாத்தான் கெடுதி. அது கள்ளப் பதிவு போட நெனைக்கிறவன் செய்யுற வேல. அப்பிடிச் செஞ்சா பிணைய வெட்டி ஆளையும் வெளிய தள்ளிரும். மனிசன் வெட்டுறல்ல, புரோகிராமே வெட்டும். பொறகு யாராலயும் திருப்ப ஏலா."

"நீதவானும் இல்ல, அப்பீலும் இல்ல," என்றாள் மேர்சியா. "நான் படிச்ச கொன்வென்ட் மாதிரியே இருக்கு."

அஸ்ஹர் மேசை லாச்சியிலிருந்து ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டிவிட்டு, மேசையைப் பார்த்தபடி சொன்னான். "வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரம் எங்கட எட்டுப் பேர்ல ஒருத்தி ஆகிலா, அவட பேர்ல ரெண்டு சீல் விழுந்த. அவட ரகசியக் கீ இல்லாம அந்தச் சீலக் குத்த ஏலா. ஒண்டு அவட பெட்டி. மத்தது வேற எங்கயோ இரிந்த பெட்டி. கீய யாருக்கோ குடுத்திரிக்கா. வெட்டுற விதிய எழுதினதே அவதான், அவக்குத் தெரியாதது ஒண்டுமில்ல."

"அந்த மத்தப் பெட்டி எங்க இரிந்த எண்டு பாக்க ஏலாதா?"

"ஏலா."

கேள்வி முடியுமுன் வந்த பதில் அது. மேர்சியா டீவியைக் காட்டி, "இதுல என்ன காட்டுற?" என்று கேட்டாள்.

"பெட்டிகள் எந்தெந்த ஊர்ல ஓடுதெண்டு ஒரு மெப். ரிமோட்டுக்குப் பெட்டரி முடிஞ்சி."

நாச்சியா அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "புள்ளயப் பாப்பம்," என்றாள்.

ஆகிலா உள்ளறையில் மூடிய மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மேசையில் அவளுடைய குவளை, சார்ஜர், தொப்பியில்லாத பேனை எல்லாம் ஒரு பைக்குள் போட்டுக் கட்டப்பட்டிருந்தன. தீர்ப்பு வருமுன்பே மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"கீ எங்கெங்க இரிந்த புள்ள?"

"என்ட பெட்டியில. ரெண்டாவது பெட்டி ஒண்டு எல்லாருக்கும் இரிக்கி, அதுலயும் அதே கீதான். ஊட்டுல வெச்சிக்கொள்ளணும், இன்டர்நெட் லைன் குடுக்கக் கூடா. மொதல் பெட்டி செத்தாத்தான் அத ஏத்துற. ரெண்டும் ஒண்டா ஓடினா ரெண்டு சீல் விழும்."

"ஒங்கட ரெண்டாவது பெட்டி?"

"பழுதாப் போச்சி. வீசிட்டன்."

"எங்க வீசின?"

அவள் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள். "நான் யாருக்கும் குடுக்கல்ல. அதுக்கு மேல என்னட்ட ஒண்டும் கேக்காதீங்க ராத்தா," என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் மேர்சியாவுக்கு என்னவோ போல இருந்தது.

கீழே இறங்கி ஸ்கூட்டியை உதைக்கும்வரை மேர்சியா அடக்கிக்கொண்டிருந்தாள். "அவ பொய் சொல்லுறா ராத்தா."

"ஓம்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. போய் ஒரு பிளேன்டீ குடிப்பம்."

"ரெண்டு பேரும் பொய் சொல்லுறாங்க புள்ள. ஒரே கேள்விக்கு ரெண்டு பேர் பொய் சொன்னா நடுவுல மூணாவது ஆள் ஒண்டு இரிக்கும்." நாச்சியா பின்னால் ஏறி அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "அவட நகத்தப் பாத்தியா?"

"கையைத்தான் ஒளிச்சிட்டாவே."

"ஒளிக்க முன்ன பாக்கணும். நுனியில மருதோண்டி இன்னம் செவப்பாக் கெடக்கு. கை முழுக்க இல்ல, விரல் நுனிக்கு மட்டும். மணப்பொண்ணுக்கு அப்பிடி வைக்கிறல்ல, மணப்பொண்ணுட தங்கச்சிக்கு வைக்கிற. அந்த ஊட்டுல ஒரு கலியாணம் நடந்து கனநாள் ஆகல்ல."

"அதுக்கும் சீலுக்கும் என்ன?"

"மத்த ஊர்கள்ல கலியாணம் எண்டா ஊட்ட விட்டுப் பொண்ணு போகும். எங்கட ஊர்ல?"

மேர்சியா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கல்முனையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளுடைய அக்காவுக்கும் வீட்டைத்தான் சீதனமாகக் கொடுத்தார்கள். "பொண்ணு நிக்கும். மற்ற ஆக்கள் போவம்," என்றாள்.

இப்றாஹிம் ஹாஜியார் கொடுத்த விலாசம் நற்பிட்டிமுனையில் இருந்தது. வயல் கரையோடு ஒரு வாடகை வீடு. உள்ளே நுழைந்ததும் மேர்சியாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. பெரிய மண்டபமொன்றுக்கென்று செய்த தேக்கு அலுமாரி அந்தச் சின்ன அறையின் ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. மூலையில் ஆகிலாவின் முதல் பெட்டி விளக்கு மினுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஆகிலாவின் தாய் சபியா உம்மாவுக்கு விஷயம் எதுவும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மகளின் அலுவலகத்திலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் தேத்தண்ணி வைக்க எழுந்தாள். நாச்சியா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மூத்தவட கலியாணம் நல்லா நடந்திச்சா உம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ். நிந்தவூர் ஊட்ட ஸம்றாக்குக் குடுத்து நாங்க இஞ்ச வந்திட்டம். இனி இவளுக்கு ஒண்டு கட்டணும். இவட வாப்பா கத்தார்ல இரிந்து வரலாம் எண்டு இரிந்தவர், இன்னம் கொஞ்சக் காலம் நிக்கப் போறார்." அவள் அலுமாரியைத் தடவினாள். "இது மட்டுந்தான் கொண்டு வந்த. என்ட உம்மா தந்தது."

"ஆகிலாட பெட்டி ரெண்டில்ல இரிந்த? மத்தது அங்கயா?"

"அங்கதான் கெடக்கு, அவட அறையில. எடுக்கப் போனவள நான்தான் விடல்ல." சபியா உம்மா குரலைத் தாழ்த்தினாள். "கட்டிலோட மெத்தையோட குடுத்த ஊடு மகள். குடுத்துப் போட்டு நாலு நாள்ல ஒரு சாமானத் தூக்கிக்கொண்டு வந்தா மாப்புள ஊட்டார் என்ன நினைப்பாங்க? குடுத்தத திருப்பி எடுக்கிறாங்க எண்டு கதைக்க மாட்டாங்களா? லைன் இல்லாத பெட்டி, சும்மா கெடக்கட்டும் எண்டு அவளும் உட்டுட்டா."

"மாப்புள யாரு?"

"தெரியாதா? இவட ஆபீஸ் அஸ்ஹர்ர தம்பி றிப்தி. அவர்தான் பேசி முடிச்ச. தங்கமான குடும்பம்."

வெளியே வந்து மேர்சியா ஹெல்மெட்டைப் போட்டாள், கழற்றினாள், திரும்பப் போட்டாள். "ராத்தா, தங்கமான குடும்பத்துல யாரோ லைன் குடுத்திட்டாங்க."

"ஓட்டு," என்றாள் நாச்சியா.

கல்முனையைத் தாண்டி, சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவையும் தாண்டி ஸ்கூட்டி நிந்தவூருக்குள் இறங்கியது. வீடு புதிதாக நிறமடித்த இரண்டு மாடி வீடு. கதவு நிலையில் கலியாணத்துக்குக் கட்டிய மின்குமிழ்ச் சரம் இன்னும் கழற்றப்படாமல் தொங்கியது. மாப்பிள்ளை பாமசிக்குப் போயிருந்தார். ஸம்றா, ஆகிலாவின் தோழிகள் என்று நினைத்தே அவர்களை உள்ளே அழைத்தாள். தங்கையின் அதே முகம், ஆனால் கவலை படாத முகம்.

"அவட அறையப் பாக்கலாமா?" என்று நாச்சியா கேட்டதும் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மேல் மாடிக்கு ஓடாத குறையாக ஏறினாள்.

அறை யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருந்தது. கட்டிலில் விரிப்பு இறுக்கி விரிக்கப்பட்டிருந்தது. மேசைக்கு மேலே பரீட்சைக்கால நேரசூசி ஒன்று சுவரில் ஒட்டியபடியே. மேசைக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டியொன்று, தலையில் கையால் பின்னிய வெள்ளைத் துணி, துணியின்மேல் பிளாஸ்டிக் ரோசாப்பூ. பெட்டி மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. அதன் முதுகிலிருந்து புத்தம் புதிய நீலக் கம்பியொன்று ஜன்னல் பக்கம் போனது.

மேர்சியாவின் வாயில் ஒரு பகிடி வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"தூசி படக் கூடா எண்டு ஒவ்வொரு நாளும் தொடைக்கிறன்," என்றாள் ஸம்றா. "இந்த ஊடு எனக்கு வந்தது அவ விட்டுக் குடுத்ததாலதானே. அவ இஞ்ச படிச்சி, இஞ்ச வேல செஞ்சவ. நான் கலியாணம் முடிச்ச ஒடன அவ அந்த இருட்டு ஊட்டுக்குப் போயிட்டா. ஒரு வார்த்த சொல்லல்ல. எனக்கு உறக்கம் வாறல்ல ராத்தா, சொன்னா நம்ப மாட்டீங்க."

"லைன் எப்ப வந்த?"

"வெள்ளிக்கிழம. அவர் ஜும்ஆக்குப் போயிட்டார். பக்கத்து ஊட்டு மாமியக் கூப்பிட்டு வெச்சிக்கொண்டு லைன்காரர உள்ள உட்ட. எங்க குடுக்கிற எண்டு கேட்டார். எல்லாத்துக்கும் முதல் என்ட தங்கச்சிட பெட்டிக்குக் குடுங்க எண்டு சொன்ன. நானே சுவிச்சப் போட்டன்." ஸம்றா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அவளுக்கு இன்னம் சொல்லல்ல. வேல செய்யுதா எண்டு அவளே பாத்துக் கண்டுபிடிக்கட்டும் எண்டு இரிக்கன். ஏன் ராத்தா, ஏதும் பிழையா?"

ஒரு பெண்ணின் பெயரை வெட்டிய கை எது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கை இப்போது தொதலும் தேத்தண்ணியும் நீட்டிக்கொண்டிருந்தது. நாச்சியா தேத்தண்ணியை அவசரமில்லாமல் குடித்து முடித்தாள். குவளையைத் தட்டில் வைத்தாள்.

"வடிவா வெச்சிரிக்கீங்க மகள்," என்றாள். அவ்வளவுதான்.

தெருவுக்கு வந்ததும் மேர்சியா பொரிந்தாள். "ஏன் சொல்லல்ல? தங்கச்சியக் கள்ளி எண்டு துரத்தப் போறாங்க, இவ பூ வைச்சுக்கொண்டு இருக்கா."

"சொன்னா?"

"உண்மை தெரியும்."

"இந்தப் பிள்ள சாகிற வரைக்கும் அந்த அறைக்குள்ள போகாது. அது நடக்கக் கூடா எண்டுதான் ஆகிலா பொய் சொன்ன. வெள்ளிக்கிழமயே அவளுக்கு விளங்கியிருக்கும்." நாச்சியா ஸ்கூட்டியில் ஏறவில்லை, கைப்பையைப் பிடித்தபடி நின்றாள். "அவட பொய் சரி. அஸ்ஹர்ர பொய் என்னத்துக்கு? அதுதான் எனக்கு இடிக்கிது."

"அஸ்ஹர் என்ன பொய் சொன்னார்?"

"ஏசி எப்பிடி ஓடின?"

மேர்சியாவுக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அறை நினைவுக்கு வந்தது. அஸ்ஹர் இடையில் மேசை லாச்சியைத் திறந்து ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டியதும் நினைவுக்கு வந்தது. "ஒரே பெட்டரி," என்றாள். "அந்த ரிமோட்டுல இருந்து இந்த ரிமோட்டுக்கு மாத்திப் போட ரெண்டு நிமிசம் போகாது."

"டீவி பாக்க விருப்பம் இல்லாத ஆளுக்குத்தான் அது தோணாது," என்றாள் நாச்சியா.

சாய்ந்தமருதுக்குத் திரும்பியபோது பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்துச் சற்று நேரமாகியிருந்தது. தொழுகை முடிந்து ஆட்கள் வருவதற்குள் கொஞ்ச நேரம் இருந்தது. அஸ்ஹர் அலுவலகத்திலேயே தொழுதுவிட்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தான். நாச்சியா ஆகிலாவையும் உள்ளே கூப்பிட்டாள். மேர்சியா லாச்சியைத் திறந்து, ஏசி ரிமோட்டின் வயிற்றைக் கழற்றி, பெட்டரியை டீவி ரிமோட்டுக்குள் போட்டாள்.

"அத வைங்க," என்றான் அஸ்ஹர்.

டீவி விழித்தது. கரையோரம் நீளமாக ஒரு வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகள். கல்முனையில் இரண்டு, சாய்ந்தமருதில் மூன்று, இன்னும் இங்குமங்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். ஆகிலாவின் பெயர் மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் சிவப்பு. ஒன்று நற்பிட்டிமுனை. மற்றது நிந்தவூர்.

வரைபடத்தை முதலில் விட்டுத் திரும்பியவள் ஆகிலா. அண்ணன் முறைக்குக் காக்கா என்றழைக்கும் அஸ்ஹரை அவள் பார்த்தாள்.

"நீங்களும் பாத்தீங்களா காக்கா?"

அஸ்ஹர் கதிரையில் உட்கார்ந்தான். தொழுகை விரிப்பு இன்னும் கையில் இருந்தது. "தம்பி அந்தப் பெட்டியப் பத்தி என்னட்ட ரெண்டு மூணு தரம் கேட்டான். இது என்ன செய்யும், யாருக்குத் தேவைப்படும் எண்டு. பொறகு அவன்ர ஊட்டு லைன்ல இரிந்து சீல் விழுந்தா நான் என்னத்த நினைக்கிற?"

"தம்பிக்கிட்டக் கேட்டிருக்கலாம்," என்றாள் நாச்சியா.

"கேட்டு, ஓம் எண்டு சொல்லிட்டான் எண்டா?"

கலியாணம் முடித்து வைத்தவன் அவன். மாப்பிள்ளை கள்ளன் என்றால் அந்த வீட்டில் விளக்குச் சரம் கழற்றுமுன்பே எல்லாம் முடிந்துவிடும். தம்பியைக் காப்பாற்ற அவன் டீவியை அணைத்தான். ஆனால் யாரோ ஒருவர் கள்ளராக வேண்டும் அல்லவா? பக்கத்தில் ஒருத்தி வாய் திறக்காமல் நின்றாள். வசதியாகப் போயிற்று.

"ஒங்கட தம்பி ஒண்டும் செய்யல்ல," என்றாள் நாச்சியா. "புது லைன் வந்த நாள் தெரியாத்தனமா அந்தப் பெட்டிக்கும் குடுத்திட்டாங்க. யார் எண்டு இந்த அறையில சொல்லத் தேவல்ல. நீங்க பயந்தது இல்லாத களவுக்கு."

அஸ்ஹர் முகத்தை மூடிக்கொண்டான். நிம்மதியா வெட்கமா என்று மேர்சியாவால் சொல்ல முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

"டீவிய அணைச்சது யாரெண்டு நான் கூட்டத்துல சொல்லப் போறல்ல," என்றாள் நாச்சியா. "அது ஒங்கட வாயால வரணும்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். முன்னால் இப்றாஹிம் ஹாஜியார், பின்னால் கல்முனை கிறிஸ்ரோபர், பிறகு மற்றவர்கள். அஸ்ஹரையும் ஆகிலாவையும் சேர்த்து எட்டுப் பேர். கதிரைகள் இழுபட்டன. யாரும் ஆகிலாவின் பக்கம் பார்க்கவில்லை, அவள் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே கிடந்தது. மேர்சியா போய் அதில் உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மகள்?" என்றார் ஹாஜியார்.

"ஓம் ஹாஜியார். இவ கீய யாருக்கும் குடுக்கல்ல. ரெண்டாவது சீலும் இவட சொந்தப் பெட்டியில இரிந்துதான் வந்த. விதிப்படி ஊட்டுல வெச்சிரிந்த பெட்டி. கலியாணத்தோட ஊடு கை மாறிச்சி, பெட்டி அங்கயே நிண்டிச்சி. அந்த ஊட்டுக்குப் புது லைன் வந்த. அவ்வளவுதான்."

"அது கவனயீனம்தானே," என்றான் ஓரத்தில் ஒருவன். "ரகசியக் கீயோட இரிக்கிற பெட்டிய ஆரும் அடுத்தவன் ஊட்டுல வைப்பாங்களா?"

நாச்சியா அவனைப் பார்த்தாள். "நீங்க கலியாணம் முடிச்சிட்டீங்களா தம்பி?"

"ஓம்."

"இப்ப எங்க இரிக்கீங்க?"

"பொண்டாட்டிட ஊட்டுல."

"விதிப்படி ரெண்டாவது பெட்டிய ஊட்டுல வெச்சீங்க. அந்த ஊடு இப்ப யார்ர?"

அவனுடைய காதுகள் சிவந்தன. "தங்கச்சிட," என்றான்.

"எனக்கு அக்காட வீட்டுல," என்றார் கிறிஸ்ரோபர் யாரும் கேட்காமலே. "அலுமாரிக்கு மேல. பிள்ளையள் அதுல கொப்பி வைக்கிற."

கேள்வி மேசையைச் சுற்றி நடந்தது. ராத்தாட ஊட்டுல. தங்கச்சிட ஊட்டுல. உம்மாட ஊட்டுல என்று தொடங்கி, இல்ல, அது இப்ப தங்கச்சிட. ஹாஜியார் தாடியை நீவியபடி, தன்னுடையது மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கிடப்பதாகச் சொன்னார். மருமகன் போன கிழமை லைன் போடுவது பற்றிக் கேட்டதாகவும் சொன்னார். கடைசியாக எல்லாரும் தலைவனைப் பார்த்தார்கள்.

"கல்முனையில," என்றான் அஸ்ஹர். "தங்கச்சிட ஊட்டுல."

அந்தக் கரையில் ஆணோ பெண்ணோ, பிறந்த வீடு கடைசிவரை தன்னுடையதாக இருப்பவர் யார்? பெட்டியை 'வீட்டில்' வைக்க வேண்டும் என்று எட்டுப் பேரும் கூடி எழுதி, 'முடிந்தது' என்ற பக்கத்தில் ஒட்டி, அப்படியே மறந்துபோனார்கள். எட்டுக் கீயும் சகோதரிமாரின், மகளின் வீட்டு மூலைகளில் தூங்கிக்கொண்டிருந்தன. முதலில் விழித்தது ஆகிலாவுடையது, அவ்வளவே.

"அப்ப இந்தக் கூட்டம் என்னத்துக்கு?" என்றார் ஹாஜியார்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகிலாவின் பிணை மட்டும் வெட்டினது வெட்டினதுதான். அந்தச் சங்கிலியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்த வடு இருந்துகொண்டே இருக்கும். தன் கையால் எழுதிய விதியை அழிக்க அவளாலும் முடியாது. அவள் எழுந்து போய்ப் பலகையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டைக் கழற்றினாள். 'முடிந்தது' பக்கத்திலிருந்து எடுத்து 'செய்ய இருப்பது' பக்கத்தில் ஒட்டி, விரலால் இரண்டு தரம் அழுத்தினாள்.

"மெயின்நெட் வர்ற மாசம் ஏலா," என்றாள். "இது முடியல்ல."

கூட்டம் கலையும்வரை அவள் அஸ்ஹரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேர்சியாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லுவான், இதோ சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஹாஜியாருக்குக் கதவைத் திறந்துவிட்டான். கிறிஸ்ரோபருக்குக் கை கொடுத்தான். டீவியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நாளைக்கு ஆகிலா அவனுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும், பெருநாளைக்கு அவனோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிட உட்காரும் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும். மேர்சியாவுக்கு அவன்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்போது ஆகிலாவின் போன் அடித்தது. திரையில் 'ராத்தா' என்றிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள், பிறகு எடுத்தாள். ஸம்றாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"உன்ட கூட்டாளிமார் வந்து போன. இனி என்னால மறைச்சி வைக்க ஏலா. உன்ட பெட்டிக்கு நான் லைன் குடுத்திட்டன். வெள்ளிக்கிழமயே. வேல செய்யுதா?"

ஆகிலா கண்ணை மூடித் திறந்தாள். "ஓம் ராத்தா," என்றாள். "நல்லா வேல செய்யிது."

"எனக்குத் தெரியும். ஒனக்கு ஒதவியா இரிக்கும் எண்டுதான்."

"ஒதவிதான் ராத்தா. கனநாள் ஓடினா சூடாகும். இப்ப ஒருக்கா அந்த நீல வயரக் கழட்டி வைங்க. நான் வந்து எடுத்துக்கொண்டு போறன். மாப்புளக்கிட்டச் சொல்லுங்க, பெட்டி ஆபீசுக்குத் தேவயாம் எண்டு."

"கழட்டினா ஒனக்குக் கஷ்டமில்லயா?"

"இல்ல ராத்தா. கஷ்டமில்ல."

மறுபக்கத்தில் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. ரோசாப்பூவை எடுத்து வைக்கும் நேரம், துணியை மடிக்கும் நேரம். அறையில் இருந்த நான்கு பேரும் டீவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிந்தவூரில் இருந்த சிவப்புப் புள்ளி ஒரு தரம் மினுங்கி அணைந்தது.